முள் இல்லாத தூண்டில்

மேசா, அரிசோனா
நவம்பர் 9

அன்புள்ள மாப்பிள்ளை வெண்டலுக்கு,

இங்கே மூச்சு உள்ளே போகிறது, வெளியே வருகிறது. அந்த அளவில் நலம். நீயும் என் தங்கை நடீனும் அதைவிட நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் என்ன என்கிறாள் என் மகள் டெனிஸ். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு நாலு வார்த்தை பேசுவதற்குள் இரைக்கிறது. உன்னோடு சண்டை போட நாலு வார்த்தை எந்த மூலைக்கு? அதனால்தான் கடிதம்.

இந்த ஊரில் தண்ணீர் என்றால் நீச்சல் குளம்தான். மகள் வீட்டுக்குப் பின்னாலும் ஒன்று இருக்கிறது. நீலமாக, அடி வரைக்கும் தெரிகிற மாதிரி, ஒரு தவளைகூட இல்லாமல். நேற்று அதன் ஓரத்தில் நாற்காலி போட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். "அப்பா, அங்க என்ன பாக்குறீங்க?" என்று கேட்டாள். "ஏதாச்சும் துள்ளுதான்னு பாக்குறேம்மா" என்றேன். உடனே டாக்டருக்குப் போன் போட்டுவிட்டாள், என் மூளைக்குக் காற்றுப் போகவில்லையோ என்று.

அந்த டாக்டரம்மா நல்லவர். பூசி மெழுகத் தெரியாதவர். "ஏப்ரல்ல ஊருக்குப் போயிட்டு வாங்க. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு மட்டும் தள்ளிப் போடாதீங்க" என்றார். புரிகிறதா மாப்பிள்ளை? ஏப்ரலில் வருகிறேன். பெல்நாப் ஏரிக்கரையில் ரெட்பட் மரங்கள் பூக்கிறபோது, கிராப்பி மீன்கள் முட்டையிடக் கரையோரம் வருவதற்கு முன்னால், நாம் தண்ணீருக்குள் இறக்கிய மரக்கும்பலில் வந்து கூடுமே, அந்த வாரம். படகை அதன் மேல் நிறுத்து. ஒரு மீன், ஒரே ஒரு பெரிய கிராப்பி. கடிக்கிறபோது கம்பில் 'டொக்' என்று ஒன்று வருமே, அது என் கையில் இன்னும் ஒரு தடவை விழ வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. பிறகு நடீன் அதைச் சோளமாவில் புரட்டிப் பொரித்துத் தரட்டும்.

ஏரி எப்படி இருக்கிறது? பொய் கலக்காமல் எழுது.

உன் மச்சான்,
டுவெய்ன்


பெல்நாப் ஏரி, கான்சஸ்
ஜனவரி 14

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதத்தை நடீன் மூன்று தடவை படித்துவிட்டாள். சோளமாவு இப்போதே வாங்கி வைத்தாயிற்று. ஏப்ரலுக்குள் அதில் புழு வைக்கும், சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறாள்.

இந்த வருஷம் ஏரி சரியாக உறையவில்லை. பண்டிகை முடிந்து ஊரார் தெருவில் போட்ட கிறிஸ்துமஸ் மரங்களில் அடர்த்தியாக நாலு பொறுக்கி, அடியில் சிமெண்ட் கல் கட்டி, மீன்கள் வந்து அடைய நம் இடத்தில் இறக்கினேன். நீ இல்லாமல் செய்தது இதுவே முதல் தடவை. கடைசிக் கல்லோடு நானும் உள்ளே போயிருப்பேன். கரையிலிருந்து நடீன், "மரத்த விடுய்யா! மரத்த விடு!" என்று கத்தியதில் பிழைத்தேன்.

பொய் கலக்காதே என்றாய். சரி, கேட்டுக்கொள். ஏரி நன்றாக இல்லை. இத்தனை வருஷமாக லாரியில் மீன்குஞ்சு கொண்டுவந்து கொட்டுகிறார்கள். ஆனால் அக்டோபரில் மீன்வளத் துறைப் பெண் டிரிஷா வலை போட்டுப் பார்த்தபோது வந்ததெல்லாம் விரல் நீளக் கிராப்பி. நம் காலத்துச் சாப்பாட்டுத் தட்டு அளவு மீன்கள் இருக்கிற இடம் தெரியவில்லை. காரணம் உனக்கே தெரியும். விச்சிட்டா நகரத்திலிருந்து படகுகள் வருகின்றன, ஒவ்வொன்றிலும் தண்ணீருக்கு அடியைக் காட்டுகிற ஒரு திரை. மீன் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது வரைக்கும் அதில் தெரிகிறதாம். அதன் மூக்குக்கு நேராக இரையை இறக்குகிறார்கள். இரைக்கடை எல்மோ தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார். "பொடிமீனு வேணுமான்னு கேட்டா, பேட்டரி இருக்கான்னு கேக்குறானுங்க" என்கிறார்.

மூன்று வசந்தத்துக்கு ஏரியில் கிராப்பி பிடிக்கத் தடை போடச் சொல்கிறாள் டிரிஷா. மிச்சமிருக்கிற பெரிய மீன்கள் நிம்மதியாக முட்டையிட்டால்தான் ஏரி தேறுமாம். மார்ச்சில் ஏரிக் கமிட்டி முடிவெடுக்கும். நான்தான் கமிட்டியில் இருக்கிறேனே, நீ பயப்படாதே. உன் ஏப்ரலுக்கு நான் பொறுப்பு.

உன் வெண்டல்


மேசா
ஜனவரி 27

மாப்பிள்ளை,

மூன்று வசந்தமா? என்னிடம் அவ்வளவு இருப்பு இல்லை.

திரை வைத்துப் பிடிக்கிறவனெல்லாம் மீன்பிடிக்கிறவனா? டி.வி. பார்க்கத் தண்ணீருக்கு எதற்கு வருகிறான்? வீட்டிலேயே சோபாவில் கிடக்க வேண்டியதுதானே! நாம் கயிற்றில் ஈயம் கட்டி ஆழம் பார்த்தோம், மேப்பிள் மரத்தையும் பம்ப் கொட்டகையையும் நேர் வைத்து இடம் பிடித்தோம். கீழே என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் நமக்குத் தெரியாது. தெரியாததால்தானே போனோம்.

தடை போடுவதானால் திரைக்குப் போடச் சொல். கிராப்பிக்குத் தடை என்று எவனாவது கேட்டால் உன் கை மேலே போகக் கூடாது. கையை உட்காரும் இடத்துக்கு அடியில் வைத்துக்கொள்.

டுவெய்ன்


பெல்நாப் ஏரி
மார்ச் 3

அன்புள்ள மச்சானுக்கு,

முதலில் திட்டிவிடு. திட்டி முடித்துவிட்டு மேலே படி. நான் ஒரு திரை வாங்கிவிட்டேன்.

பிப்ரவரி முழுக்கப் போய்ப் பார்த்தேன். நம் இடத்தில் ஒரு கடி இல்லை. நீ அத்தனை தூரத்திலிருந்து குழாயும் உருளையுமாக வந்து, வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவாயோ என்று எனக்குத் தூக்கம் போயிற்று. உனக்கு ஒரு மீனாவது இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் வாங்கினேன். சத்தியமாக அதற்குத்தான்.

ஏரியைச் சுற்றினேன். எங்கும் பொடிசுகள்தான். கடைசியில் நம் மரக்கும்பலுக்கு மேலே வந்து படகை நிறுத்தினேன்.

மச்சான், அதை எப்படி எழுதுவேன்! நாம் வருஷா வருஷம் இறக்கிய மரங்கள் அத்தனையும் அங்கே நிற்கின்றன. பழையவை வெறும் தண்டாக, புதியவை கிளையோடு, ஒன்றன் மேல் ஒன்றாகச் சாய்ந்து. கறுத்த திரையில் ஒவ்வொரு கிளையும் தணல் நிறத்தில் தெரிகிறது. அந்தக் கிளைகளுக்கு நடுவே அவை நிற்கின்றன. பெரியவை, மச்சான். நம் காலத்துப் பெரியவை. எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி. படம் இல்லை அது, அந்த நொடியில் என் காலுக்குக் கீழே நடப்பது. ஒன்று மெல்ல மேலே வருகிறது, இன்னொன்று இடம் விட்டு விலகுகிறது. பெரிய சத்திரத்தில் ஆட்கள் படுக்கை மாற்றிக்கொள்கிற மாதிரி. எனக்குத் தொப்பியைக் கழற்றத் தோன்றியது. கழற்றினேன்.

தூண்டிலை இறக்கினேன். இறங்குவதும் திரையில் தெரிகிறது. பாதியில் அத்தனை மீனும் ஒரு சேரத் திரும்பின. எல்லாவற்றிலும் பெரியது ஒன்று மேலே வந்து, தூண்டிலுக்கு ஒரு முழம் கீழே நின்று பார்த்தது. என் கை தானாகத் தூண்டிலை மேலே சுற்றிவிட்டது. ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

மறுநாள் நடீனைக் கூட்டிப்போனேன். தண்ணீர் என்றாலே ஆகாதவள், கண்ணை எடுக்கவில்லை. "அம்மாடி... இவங்களயா நான் இத்தன வருஷமா பொரிச்சேன்?" என்றாள்.

வேறெங்கும் இல்லை மச்சான். ஏரியின் பெரிய மீன்கள் முழுக்க நம் மரங்களில் இருக்கின்றன. விச்சிட்டாப் படகு ஒன்று கண்டுபிடித்துவிட்டால் ஒரு வார இறுதிக்குத் தாங்காது. நேற்று கமிட்டி கூடியது. மற்ற நாலு பேரும் சரிபாதியாகப் பிரிந்துவிட்டார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

கையைத் தூக்கிவிட்டேன். தடை ஏப்ரல் முதல் தேதி தொடங்குகிறது. கமிட்டிக்காரன் மச்சானுக்கு மட்டும் ஒரு மீன் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது. உன் ஏப்ரலுக்கு நான் பொறுப்பு என்று எழுதிய அதே கைதான்.

வெண்டல்


மேசா
மார்ச் 12

மதிப்பிற்குரிய கமிட்டி உறுப்பினர் திரு. வெண்டல் ஸ்ட்ரோட் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்களும் தங்கள் திரையும் சௌக்கியமாக இருக்க வாழ்த்துகிறேன். தாங்கள் கண்குளிரப் பார்த்த மீன்களில் ஒன்றைத்தான் நான் ஒரு தடவை கேட்டேன். அதுவும் கட்டுப்படியாகாது என்று கமிட்டி கருதியிருப்பதால் தங்களைத் தொந்தரவு செய்ய விரும்பவில்லை. பயணத்தை ரத்து செய்யும்படி மகளிடம் சொல்லிவிட்டேன்.

பதில் வேண்டியதில்லை.

இப்படிக்கு,
டி. பிக்கெட்


பெல்நாப் ஏரி
மார்ச் 29

மச்சான்,

வேண்டாம் என்றாலும் எழுதுவேன். 'தாங்கள்' என்று நீ என்னை எழுதியதைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. இறங்க வேண்டிய சோற்றையும் உன் தங்கை தட்டில் 'ணங்' என்று வைத்துவிட்டுப் போகிறாள். "எங்கண்ணன் ஒரு மீனு கேட்டான். ஒரே ஒரு மீனு! அதுக்கு உனக்குக் கை ஒசத்தத்தான் தெரிஞ்சுதா?" என்கிறாள். "நீயும்தானே பாத்த" என்றால், "பாத்தேன்தான். அதனாலதான் ரெண்டு பக்கமும் வலிக்குது" என்று அழுகிறாள்.

ஒரு மீன் போனால் ஏரி வற்றிவிடாது. எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பெரியது நின்று பார்த்ததே, அதற்குப் பிறகு எனக்கு முடியவில்லை. எனக்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்கவில்லை.

வந்து பார் மச்சான். பிடிக்காதே, பார். படகில் சாய்வு நாற்காலியை ஆணி அடித்து வைத்திருக்கிறேன், பக்கத்தில் ஆக்சிஜன் உருளைக்கு இடம் விட்டு. நீ வரவில்லை என்றால் அந்த நாற்காலியை நான் கழற்றப் போவதில்லை. அது பாட்டுக்கு இருக்கட்டும்.

வெண்டல்


மேசா
ஏப்ரல் 8

வருகிற பதினெட்டாம் தேதி வருகிறேன். என் தங்கையைப் பார்க்க. உன்னை அல்ல.

படகில் ஒரு குறடு எடுத்து வை. எதற்கென்று கேட்காதே.

டுவெய்ன்


மேசா
மே 2

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நடீன் கட்டிக்கொடுத்த பீச் பழப் பலகாரத்தை டெனிஸும் நானும் விமானநிலைய வாசலிலேயே முடித்துவிட்டோம். படகில் நடந்ததை நீ சொன்னால் நடீன் நம்ப மாட்டேன் என்கிறாளாமே, "எங்கண்ணனாவது, வாயை மூடிக்கிட்டு இருக்கறதாவது" என்று. அதனால் நான் எழுதுகிறேன், உரக்கப் படித்துக்காட்டு. உனக்கும் தெரியாதது இதில் உண்டு.

நடீன், கேள். உன் புருஷன் என்னைத் தூக்கி நாற்காலியில் வைத்தபோதுகூட அவனை வைதுகொண்டுதான் இருந்தேன். திரையைப் பார்க்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பி, பூத்திருந்த ரெட்பட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எப்போது திரும்பினேன் என்று எனக்கே தெரியாது.

அப்படியே இருந்தன, அவன் எழுதினபடியே. இல்லை, அவன் எழுதினது கால்வாசிகூட இல்லை. அடேயப்பா! அரை ஆயுசு அந்த இடத்துக்கு மேலே உட்கார்ந்து பீர் குடித்து, சண்டை போட்டு, சிரித்திருக்கிறோம். அத்தனை நாளும் கீழே இது இருந்திருக்கிறது, நம்மைக் கேட்காமல், தன் பாட்டுக்கு. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. மூச்சு வாங்குவதாக நினைத்து உன் புருஷன் உருளையைத் திருகிப் பார்த்தான். மூச்சு நன்றாகத்தான் இருந்தது. நான் பேசாமல் இருந்தேன், அவ்வளவுதான். திரை வைத்திருப்பவனை டி.வி. பார்க்கிறவன் என்றேன், அதை வாபஸ் வாங்க மாட்டேன். ஆனால் நானும் பார்த்தேன்.

பிறகு என் சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளை இறகுத் தூண்டிலை எடுத்தேன். மாப்பிள்ளை, அப்போது உன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்! கமிட்டிக்காரன் முகம் செத்துப்போயிற்று. "மச்சான், வேணாம்" என்றாய். ஆனால் கம்பைப் பிடுங்கவில்லை. அதையும் நான் பார்த்தேன். "குறட்டக் குடுடா" என்றேன். முள்ளை வளைவோடு நறுக்கி உன் தொப்பிக்குள் போட்டேன். மிஞ்சியது ஈயக் குண்டும் இறகும்தான். இதைத்தான் இந்த ஊர் நீச்சல் குளத்தோரம் உட்கார்ந்து யோசித்து வைத்திருந்தேன். எனக்கு வேண்டியிருந்தது மீன் இல்லையே, அந்த 'டொக்' தானே. அது புரிய எனக்கு உன் மேல் அவ்வளவு கோபம் தேவைப்பட்டிருக்கிறது.

இறக்கினேன். எல்லாம் திரும்பின. அந்தப் பெரியவன் மேலே வந்தான். நின்றான். இவ்வளவு காலம் கடிக்கு முந்தின அந்த நேரம் எனக்கு வெறும் காத்திருப்பு. அவன் என்ன செய்கிறான் என்று அன்றுதான் பார்த்தேன்: அவனும் காத்திருக்கிறான். யோசிக்கிறான். எத்தனை பேர் யோசித்துவிட்டு வேண்டாம் என்று போயிருப்பார்களோ, நமக்குத் தெரிந்ததெல்லாம் தப்பாக யோசித்தவர்களை மட்டும்தான்.

இன்னும் கொஞ்சம் மேலே வந்தான்.

டொக்.

என் கட்டைவிரலில் விழுந்தது, முழங்கை வரைக்கும் ஏறியது. அந்தக் காகிதம் மாதிரி மெல்லிய வாயில் கீறல்கூட இல்லாமல் துப்பிவிட்டு, அவசரமே இல்லாமல் தன் கிளைக்குத் திரும்பினான். அப்போது நான் அழுதேன். வெயிலில் கண் கூசியது என்று சொன்னது பொய்.

ஏரிக் காவலர் வந்ததையும் சொல்கிறேன். "சார், கிராப்பிக்குத் தடை இருக்கு. மீனு பிடிக்கிறீங்களா?" என்றார். "இல்லீங்க, கை குடுத்துட்டு இருக்கேன்" என்றேன். நறுக்கின தூண்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்கு என்கிட்ட சட்டம் இல்லியே" என்று தலையைச் சொறிந்தார். பிறகு நம் திரையைப் பார்த்தார். மோட்டாரை அணைத்துவிட்டு, நம் படகைப் பிடித்துக்கொண்டு அவரும் நின்றுவிட்டார். மூன்று கிழங்களும் திரைக்கு மேல் குனிந்துகொண்டோம். காவலருக்கு அவ்வளவு வயதில்லை, அன்றைக்கு இருந்தது.

நீ கை தூக்கியது சரி மாப்பிள்ளை. நேரில் சொல்ல வாய் வரவில்லை. இங்கே எழுதிவிட்டேன், நடீனும் கேட்டுவிட்டாள், இனி தட்டை மெதுவாக வைக்கச் சொல்.

இதோடு அந்தத் தூண்டிலை அனுப்பியிருக்கிறேன். ஏரி திறக்கிற அன்று எல்லாரும் முள்ளோடு வருவார்கள். நீயும் முள்ளோடுதான் போக வேண்டும், சோளமாவு காத்திருக்கிறது. ஆனால் முதலில் இதை இறக்கு. அவன் இருந்தால் மேலே வருவான். யோசிக்கட்டும், அவசரப்படுத்தாதே. 'டொக்' என்று வந்தால், அது உனக்கு வந்தது இல்லை, எனக்கு வந்தது. கம்பை ஆட்டாமல் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிரு.

உன் மச்சான்,
டுவெய்ன்