ஏலமலையில் நீ வெட்டிய புல்

நேற்று பதுளைக் கடைத்தெருவுக்கு மாவு வாங்கப் போனேன். கடைக்கார நானா யாருக்கோ வட்டிலப்பத்துக்கென்று ஏலக்காய் நிறுத்துக்கொண்டிருந்தார். ஒன்றை நசுக்கி, "வாசம் பாருங்க, நம்ம மலைச் சரக்கு" என்று என்னிடம் நீட்டினார். அங்கே நிற்க முடியவில்லை. மாவையும் வாங்காமல் பஸ் ஏறிவிட்டேன். எல்லாம் உன்னால்தான், என்கூடக் கொழுந்தெடுத்த பாவி மகளே.

வெளிநாட்டில் தேயிலை விலை விழுந்த காலம் அது. வாரத்தில் பாதி நாள்தான் வேலை. மற்ற நாளில் கீரையை அவித்துத் தின்றோம். அப்போதுதான் தோட்டத்துத் துரை, பள்ளத்து மலையிலிருந்த கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கிவிட்டு மர நிழலில் ஏலம் வைக்கச் சொன்னார். தேயிலையை மட்டும் கப்பலேற்றினால் இனிப் பிழைக்க முடியாதாம், வேறு சரக்கும் போக வேண்டுமாம்.

செடித் தலையை வெட்டிவிடுகிற கவ்வாத்துக்குப் போனால்கூடக் கற்பூரம் கொளுத்துகிற ஆட்கள் நாம். தேயிலையைப் பிடுங்குவதற்கு எந்தச் சாமியைக் கும்பிடுவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. நான் வாய்க்கு வந்தபடி துரையைத் திட்டினேன். நீ மட்டும் சிரித்தாய்.

"ஒரே சரக்க நம்பி எத்தன நாளைக்குப் பட்டினி கெடக்குறது புள்ள? இதுவும் வரட்டுமே. எம்மக ரெண்டு வேள திங்கட்டும்."

ஏலத்துக்குக் கொஞ்சப் பேர் போதும் என்றார்கள். நீ முந்திக்கொண்டு போனாய். நான் கொழுந்து பறிப்பதிலேயே இருந்துவிட்டேன்.

செடி பூக்காதவரை ஒரு குறையும் இல்லை. பூக்கத் தொடங்கிய வருடம், மழை விட்டதும் வழக்கம்போலப் புல் வெட்டச் சொன்னார்கள். எப்படி என்று யாரும் சொல்லவில்லை. நமக்குப் புல் வெட்டக் கற்றுத்தர வேண்டுமா என்ன? தேயிலையில் மேலே இருப்பது கொழுந்து, அடியில் கிடப்பதெல்லாம் களை. ஏலம் அப்படியில்லையாம். பூங்கொத்து தூரிலிருந்து கிளம்பி மண்ணோடு படர்ந்து கிடக்குமாம், காயும் அங்கேதானாம். நீங்கள் சுரண்டியால் தூரைச் சுற்றி ஒன்று விடாமல் வழித்துவிட்டீர்கள். தரை, கூட்டிவிட்ட வாசல் போல இருந்தது என்றாய். கணக்கப்பிள்ளையைப் பெருமையாகக் கூப்பிட்டுக் காட்டினாயே, அதை நினைத்தால்தான் எனக்கு மனசு ஆறவில்லை. அவர் குனிந்து ஒரு வெள்ளைப் பூவை எடுத்துப் பார்த்துவிட்டு, தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாராம்.

அந்த வருடம் காய் இல்லை. உங்கள் எல்லோரையும் நிறுத்தினார்கள். கொழுந்துக்கே திரும்பலாம் என்றால், இருக்கிற மலைக்கே ஆள் அதிகம் என்றார்கள். துரைக்கு ஒரு பயிர்தான் போனது. அடுத்த வருடம் மிளகுக் கொடி வைத்துப் பார்த்தார். உனக்கு வைத்துப் பார்க்க வேறு என்னடி இருந்தது?

உங்களை நிறுத்தியதற்கு மறுநாள் விடியலில் நீ பெரட்டுக்களத்துக்கு வந்தாய். பேர் கூப்பிடும்போது எப்போதும் எனக்கு அடுத்து நீ. கங்காணி என்னைக் கூப்பிட்டார், உன்னைத் தாண்டிப் போனார். கடைசிப் பேர் முடியும்வரை கூடையோடு நின்றாய்.

"மறந்துட்டாரோன்னு பாத்தேன்" என்றாய்.

அந்த வாரமே மகளைக் கூட்டிக்கொண்டு மொனராகலைப் பக்கம் கரும்பு வெட்டப் போனாய். அங்கே காய்ச்சலில் முடிந்துபோனாய் என்று உன் தம்பிதான் வந்து சொன்னான். பிள்ளையை அவன் வளர்த்தான். நான் உன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

இன்றைக்கும் பெரட்டில் என் பேருக்கு 'இருக்கேன்' என்று சொல்லிவிட்டு நகராமல் நிற்கிறேன். புதுக் கங்காணி சின்னப் பையன். "என்னம்மா, காது கேக்கலயா? போங்க" என்கிறான். அவனுக்கு என்ன தெரியும். அடுத்து உன் பேர் புள்ள.