பை-டூ காபி யுத்தம்

செவ்வாய், இரவு.

வேலை போனதிலிருந்து அக்கா மகள் நித்யா யாரோடும் சரியாகப் பேசவில்லை. மாலை அவளை அல்சூர் ஏரிப் பக்கம் இழுத்துப்போய், ஒரு காபியை இரண்டாகப் பிரித்துத் தரும் பை-டூ சொன்னேன். இரண்டில் கூடுதலாக நிறைந்திருக்கும் டம்ளருக்காக எங்களுக்குள் எப்போதும் உலகப்போரே நடக்கும். இன்று அதை அவளே என் பக்கம் தள்ளினாள். ஏழு கடல் தாண்டிய மாவீரன் எனக்கே கண் கலங்கிவிட்டது.

விடுவேனா? தெருவே திரும்பிப் பார்க்கும்படி உறிஞ்சினேன். "ஆஹா! தேவேந்திரனுக்கும் கிடைக்காத காபிடி இது!"

மூன்றாவது உறிஞ்சலில் அவள் கை நீண்டது.

"யோவ் மாமா, போதும் வை! மிச்சம் என்னுது."

பிடுங்கிக் குடித்தாள். இவ்வளவு இனிப்பான தோல்வி எந்தச் சக்கரவர்த்திக்கும் வாய்த்திருக்காது. அவள் உதட்டுக்கு மேல் நுரை மீசை. வீடு வரும்வரை நான் சொல்லவேயில்லை.