வேலிக்குள் பயறு

2025 ஏப்ரல் 9, புதன்

காலையில் கரண்ட் இல்லை. பத்து மணிக்குத்தான் வந்தது. இடியப்பம் அவித்து, சொதி வைத்து, மகள் முஸ்பிறாவைக் கிளாசுக்கு அனுப்பிவிட்டு இந்தக் கொப்பியை எடுத்தேன். எடுத்து வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இத்தா இருப்பவளுக்கு எழுத என்ன இருக்கும்? புருசன் மௌத்தானால் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு. அடுப்படி, அறை, கிணற்றடி. ஜூலைக் கடைசி வரைக்கும் இதுதான்.

இவர் போனது நோன்புக்குள். வயலில் பயறு விதைத்து மூன்றாம் நாள். விடியமுதல் ஸஹர் சாப்பிட்டுவிட்டு நெஞ்சுக்குள் இறுக்குது என்றார். அவ்வளவுதான். வந்தவர்கள் எல்லாரும் அழுதார்கள். தேத்தண்ணிக்குச் சீனி காணுமா, குறையுமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இன்னும் அழவில்லை. வந்தால் அழலாம். வரவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

அபுல் ஹஸன் காக்கா வந்தார். எனக்கு மூத்தவர், கூடப்பிறந்த ஒரே ஆண். நாவிதன்வெளிப் பக்கம் இருக்கும் வயலைப் பற்றிக் கதைக்க வந்தார். அது என் சீதனக் காணி. கலியாணம் முடித்த நாளில் இருந்து என் புருசன்தான் அதைச் செய்தார்.

"தங்கச்சி, இத்தா முடிய ஸைனுலாப்தீனுக்குக் குத்தகைக்குக் குடுப்பம். ஆம்புள இல்லாத வீட்டுக்கு வயலெல்லாம் என்னத்துக்குகா?"

ஓம் என்றேன்.

"அப்ப பயறு?"

"அது ஒரு வேளாண்மையா? முளைச்சிரிக்கி. வந்தா பாப்பம்."

எங்கள் ஆட்களுக்கு வேளாண்மை என்றால் நெல். மற்றதெல்லாம் விளையாட்டு.

ஏப்ரல் 22, செவ்வாய்

நிலாந்தினி வந்தார். விவசாயப் போதனாசிரியை. சின்னப் பிள்ளை, முஸ்பிறாவுக்கு அக்கா மாதிரி இருப்பார். வெயிலில் ஸ்கூட்டியில் வந்து முகமெல்லாம் சிவந்திருந்தது.

என் புருசனைப் பயறுக்குள் இழுத்துவிட்டதே நிலாந்தினிதான். இந்தக் கோடைச் சிறுபோகத்துக்கு எங்கள் வயல் வட்டைக்குத் தண்ணீர் இல்லை என்று கூட்டத்தில் முடிவாகிவிட்டது. சும்மா கிடக்கும் வயலில் பயறு, கௌபி, எள்ளு, கச்சான் ஏதாவது போடுங்கள் என்று விவசாயக் கந்தோரில் விதை கொடுத்தார்கள். கப்பலில் வருகிற பயறை நாமே விளைவிக்க வேண்டுமாம். கூட்டத்தில் நிறையப் பேர் கை தூக்கினார்கள். கடைசியில் வேலி அடித்து விதைத்தது இவர் மட்டும். மற்றவர்கள் விதையை அவித்துத் தின்றுவிட்டார்கள் போல என்று இவர் என்னிடம் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு ஞாபகம் இருக்கிறது. சத்தம் மட்டும் இல்லை.

நிலாந்தினி ஒரு செடியை வேரோடு பிடுங்கி வந்து காட்டினார். வேரில் கடுகு கடுகாய்க் குமிழ்.

"இது மண்ணுக்கு உரம் அக்கா. பிறகு நெல்லுக்கு யூரியா கொஞ்சம் குறைக்கலாம். நல்லா வந்திருக்கு. அண்ணன் இருந்திருந்தா..."

வயலில் கந்தோர்ப் பலகை நட்டிருக்கிறார்களாம். மாதிரிப் பயறுச் செய்கை, அப்துல் ஹமீட் என்று. பேரை மாற்றி உங்கள் பேரைப் போடவா என்று கேட்டார்.

ஓம் என்றேன். யார் எதைக் கேட்டாலும் இப்போது அதுதான் வாயில் வருகிறது.

ஏப்ரல் 27

பூத்திருக்கிறதாம். முஸ்பிறா போனில் காட்டினாள். மஞ்சள் பூ. பின்னால் பலகை. பேர் மாற்றவில்லை.

மே 14, புதன்

நிலாந்தினி போன் எடுத்தார். காய் கறுக்கத் தொடங்கிவிட்டதாம்.

"நெல்லு மாதிரி ஒரேயடியா வெட்ட வேணாம் அக்கா. கறுத்த காயை முதல்ல ஆயுங்க. ஒரு கிழமை விட்டு மிச்சத்தை. விட்டீங்க எண்டா வெடிச்சுக் கொட்டிரும்."

காய் ஆய்வதற்குச் செல்லத்தங்கம் என்று ஒருவர் பெண்களைக் கூட்டிக்கொண்டு வருவாராம். நம்பர் தந்தார்.

பின்னேரம் காக்காவிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"பாதி பச்சை, பாதி கறுப்பு. அதுக்குள்ள ஆள இறக்கி மிதிக்கிறதா? எல்லாம் ஒண்டாப் பழுக்கட்டும். மெசின விட்டு ஒரே நாளைல முடிப்பம். நான் பாக்காத வயலா?"

அவர் பாக்காத வயல் இல்லைதான். நெல்லை அப்படித்தான் வெட்டுவார்கள். முழு வயலும் ஒரே நிறமாக மாறும்வரை காத்திருப்பார்கள். வாப்பாவும் அப்படித்தான். இவரும் நெல்லுக்கு அப்படித்தான்.

ஓம் என்றேன்.

"உம்மா, மிஸ் சொன்னது வேறல்லுவா?" என்றாள் முஸ்பிறா.

"மாமா பாப்பாரு."

அவள் என்னைப் பார்த்த பார்வை. பூட்டிக் கிடக்கும் கடையைப் பார்ப்பது போல. என்ன செய்ய? உள்ளே ஆள் இல்லை.

மே 20

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. மேற்கில் இருந்து நெருப்பாக வருகிறது. கொடியில் போட்ட வெள்ளைச் சேலை காய்ந்து தகடாகிவிட்டது. காக்கா சொன்ன மெசின் இன்னும் வரவில்லை, வேறு ஊரில் நிற்கிறதாம்.

மே 23, வெள்ளி

ஜும்ஆ முடிந்து காக்கா வயலுக்குப் போனார். முஸ்பிறாவும் பின்னால் ஏறிப் போனாள். திரும்பி வந்து சால்வையில் முடிந்திருந்ததை அடுப்படி நிலத்தில் கொட்டினாள். கறுத்த காய்கள். கொட்டும்போதே டிக், டிக் என்று வெடித்தது. காய் முறுகிச் சுருள, பயறு தெறித்து அடுப்புக்குக் கீழே, அரிசி வாளிக்குப் பின்னால் எல்லாம் ஓடிற்று.

"வயலெல்லாம் இப்பிடித்தான் உம்மா. நடந்தா காலுக்குள்ள வெடிக்கிது. நிலமெல்லாம் பயறு."

"மாமா என்ன சொன்னாரு?"

"வரம்புல குந்திட்டாரு."

குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். கோபம் வரவேண்டும். காக்கா மேல், என் மேல், அந்தக் காற்றின் மேல். ஒன்றும் வரவில்லை. ஆனால் பொறுக்குவதை நிறுத்தவும் முடியவில்லை. அடுப்புக்குக் கீழே கைவிட்டுச் சாம்பலோடு எடுத்தேன்.

அவர் கடைசியாகக் கையால் தொட்டுப் போட்டது இதைத்தானே.

மே 24

செல்லத்தங்கத்துக்கு நானே போன் எடுத்தேன். காக்காவிடம் கேட்கவில்லை.

"இவ்வளவு நாளும் என்னத்துக்குப் பாத்துக்கொண்டு இருந்தநீங்க?"

நாளைக்கு வர ஏலுமா என்று மட்டும் கேட்டேன்.

"சரி விடுங்கம்மா. நாளைக்கு விடியக் குளிரோட வாறம். வெயில் ஏறினாத் தொட ஏலா."

மே 27, செவ்வாய்

ஆய்ந்து, காயப்போட்டு, தட்டி எடுத்தாயிற்று. வரவேண்டியதில் அரைவாசியும் இல்லை. மிச்சம் நிலத்தில்.

காக்கா சாக்குகளை முற்றத்தில் இறக்கிவிட்டு உள்ளே வராமல் நின்றார். எதையோ சொல்லப் போகிறார் என்று பார்த்தேன்.

"தண்ணி கொஞ்சம் தாகா" என்றார்.

கொடுத்தேன். குடித்துவிட்டுப் போய்விட்டார். அவர் பாவம். எனக்குச் செய்ய வேண்டும் என்றுதான் செய்தார்.

ஜூன் 8

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள். இறைச்சி போதும் என்றாள் முஸ்பிறா. நம்முடைய பயறை அவித்துத் தேங்காய்ப்பூப் போட்டுக் கொடுத்தேன். இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டாள். உப்புக் கூடிப்போச்சு என்றாள். எனக்குத் தெரியவில்லை. உப்பும் தெரியவில்லை, பயறும் தெரியவில்லை. மார்ச் மாதத்தில் இருந்தே இப்படித்தான். வாய்க்குள் போகிறது, இறங்குகிறது.

ஜூன் 30

ஒன்றுமில்லை.

ஜூலை 11

அசர் தொழுகைக்குப் பிறகு இடி இடித்து மழை. இந்த மாதத்தில் இப்படி ஒரு மழை. முற்றத்துப் புழுதி மணந்தது என்று முஸ்பிறா சொன்னாள்.

ஜூலை 19

காக்கா வந்தார். இத்தா முடிந்த கையோடு ஸைனுலாப்தீன் வீட்டுக்கு வருவாராம், கதைத்து முடிக்க. அதற்கு முதல் வேலியைக் கழற்ற வேண்டுமாம். கம்பியை ஏன் வெயிலில் விடுவான் என்றார்.

ஓம் என்றேன்.

ஜூலை 25, வெள்ளி

நேற்றோடு இத்தா முடிந்தது. குளித்துத் தொழுதேன். முஸ்பிறா நீலப் புடவை எடுத்து வைத்திருந்தாள். சொந்தக்காரர் வீடுகளுக்குத்தான் முதலில் போவார்கள். வயலுக்குப் போவோம் என்றேன். காக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஆனால் ஓட்டோவைக் கூப்பிட்டார்.

கிட்டங்கிப் பாலம் தாண்டும்போது காற்று முகத்தில் அடித்தது. கண் கூசிற்று. இவ்வளவு வெளிச்சத்தில் நான் இருந்து நாளாகிவிட்டது.

வட்டை முழுக்கக் காய்ந்து கிடந்தது. வெடித்த சேறு, அறுத்த நெல்தாள், மாட்டுச் சாணி. மாடுகள் நினைத்த இடத்தில் நின்றன. நடுவில் எங்கள் வயல் மட்டும் பச்சை.

முதலில் புல் என்று நினைத்தேன். கிட்டப் போனால் பயறு. யாரும் விதைக்காத பயறு. வெடித்துக் கொட்டியதெல்லாம் அந்த ஒரு மழைக்கு முளைத்து, வரிசையும் இல்லாமல் கணக்கும் இல்லாமல், சில இடத்தில் கை நுழைக்க இடமில்லாமல் நின்றது. வேலிக்கு வெளியே ஒரு மாடு கம்பியில் கழுத்தை உரசிக்கொண்டு உள்ளே பார்த்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கட்டையையும் இவர் நோன்போடு நின்று அடித்தார். கையில் கொப்புளம் வந்து மஞ்சள் பூசிவிட்டேன். ஏனிந்தப் பாடு, ஒரு பயறுக்கு என்று நான்தான் ஏசினேன்.

பலகை சரிந்து நின்றது. மாதிரிப் பயறுச் செய்கை. அப்துல் ஹமீட்.

வரம்பில் இருந்தேன். எப்படித் தொடங்கிற்று என்று தெரியவில்லை. வயிற்றில் இருந்து வந்தது. புடவைத் தலைப்பை வாய்க்குள் அடைத்தும் சத்தம் வந்தது. ஏன் போனீங்க. விதைச்சிட்டு ஏன் போனீங்க. முளைச்சிரிக்கி பாருங்களன். முஸ்பிறா வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அவளும் அழுதாள்.

காக்கா பக்கத்தில் வந்து நின்றார்.

"அழாதகா. நான்தான் பிழை விட்ட. நட்டத்த நான் எப்பிடியும் தாறன்."

நட்டத்துக்கு அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை. பிழை என்று காக்கா வாயால் வந்ததே பெரிய காரியம்.

"நாளைக்கு வேலியக் கழட்டுவம். இது இனிக் காய்க்கப்போறல்ல, மாடு திண்டிட்டுப் போகட்டும்" என்றார்.

"வேணாம்" என்றேன்.

ஜூலை 29, செவ்வாய்

நிலாந்தினியிடம் கேட்டேன். தண்ணீர் இல்லாமல் அது காய்க்காது, ஆனால் அப்படியே உழுது மண்ணுக்குள் மடித்து விடுங்கள், மாரி நெல்லுக்கு அதைவிட நல்ல பசளை இல்லை என்றார். வருகிற கோடையிலும் தண்ணீர் இல்லாவிட்டால் பயறுக்குப் பேர் பதியவா என்றார். பதியச் சொன்னேன். பலகையைக் கழற்ற வேண்டாம், பக்கத்தில் என் பேருக்கு இன்னொன்று நடுங்கள் என்றேன். செல்லத்தங்கத்துக்கும் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன். கறுத்ததை முதலில் ஆய வேண்டும்.

பின்னேரம் காக்கா வந்தார். ஸைனுலாப்தீன் விடாமல் போன் எடுக்கிறாராம்.

"என்னகா சொல்ல?"

"இல்ல எண்டு சொல்லுங்க காக்கா. மாரிக்கு நானே செய்யப்போறன். உழவுக்கு நீங்கதான் வரணும்."

அவர் தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தார். சீனி காணாது என்றார்.

நானும் என் கோப்பையில் ஒரு மிடறு குடித்துப் பார்த்தேன். உண்மைதான். சீனி காணாது.