படையல் அறையில் கூவிய போன்

நெல்லித்தோப்பு,
புதுச்சேரி.

அன்பு மகள் கவிநிலாவுக்கு அப்பா எழுதுவது. முதலில் என் கையெழுத்துக்காக மன்னித்துக்கொள் அம்மா. ஒரு வரி மேலே ஏறுகிறது, ஒரு வரி கீழே சரிகிறது, ‘ழ’ போட்டால் நண்டு மாதிரி நிற்கிறது. மில்லில் தறி ஓட்டிய கை, பேனாவை இன்னும் குச்சி மாதிரிதான் பிடிக்கிறது. நூலகத்து மாடியில் சாயங்காலம் எங்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் மேனகா டீச்சர், யாருக்காவது கடிதம் எழுதுங்க ஐயா, அப்பதான் கை வரும் என்றார். எனக்கு எழுத உன்னை விட்டால் யார். கை வலித்தால் வைத்துவிட்டு மறுநாள் எடுத்து எழுதுகிறேன். எழுதியதை நானே திரும்பப் படிக்கிறபோது வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அதை எழுதத்தான் இன்னும் எழுத்து போதவில்லை.

இங்கே நாங்கள் சுகம். நீ சுகமா என்பது தெரியாததால்தான் எழுத உட்கார்ந்தேன். உன் அண்ணன் விக்ரம் உப்பளத்தில் அதே லோடு ஆட்டோதான் ஓட்டுகிறான். கமலவேணி அத்தைக்குக் கண்ணில் புரை எடுத்தாயிற்று, இப்போது எதிர்வீட்டுக் கொடியில் எந்தச் சட்டைக்குப் பொத்தான் இல்லை என்பதுவரை சொல்கிறாள். நீதான் போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். கடைசியாக அண்ணனிடம், அம்மாவ காசுக்கு வித்துட்டேன்டா, இனிமே கதை எழுத மாட்டேன் என்று சொன்னாயாமே. அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. போன் அடித்தால் எடுக்காமல் இருக்கலாம். கடிதம் மும்பைக்கு வந்து உன் வீட்டுக் கதவுக்குக் கீழே கிடக்கும், என்றைக்காவது குனிந்து எடுத்துத்தானே ஆகவேண்டும்.

உன் படத்தை நான் பார்த்துவிட்டேன். படம் வந்த அன்றே போனேன். கதை வசனம் என்று உன் பேர் திரையில் வந்தது, நான் ‘கவி’ என்று கூட்டிப் படிப்பதற்குள் மாற்றிவிட்டார்கள், இவர்களுக்கு என்ன அப்படி ஓட்டம். அதனால் மறுநாளும் டிக்கெட் எடுத்துப் போய் ‘நிலா’வையும் படித்துவிட்டு வந்தேன். முதல் நாள் பக்கத்து சீட்டுக்காரர் தோளைத் தட்டி, என் பொண்ணு, இது என் பொண்ணு என்று சொன்னேன். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று இடைவேளைக்குள் தோன்றிவிட்டது. படம் நன்றாக இல்லை அம்மா. உனக்கு நான் பொய் சொல்லிப் பழக்கமில்லை. சிரிக்கவேண்டிய இடத்தில் எல்லாரும் போனை நோண்டினார்கள். சோகப் பாட்டு வந்தபோது எழுந்து வெளியே போனார்கள். பின்னால் ஒரு பையன், அழுவுறதா சிரிக்கிறதான்னு முடிவு பண்ணிட்டு எடுத்திருக்கலாம்டா என்றான். திரும்பி ஒரு வார்த்தை கேட்கலாம் என்று பார்த்தேன், ஆனால் அவன் சொன்னதில் தப்பில்லை.

உன் அம்மாவின் கருமாதிப் படையலை அதில் வைத்திருந்தாய். பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கு வடை, பாயசம், புதுப்புடவையோடு, செல்வாம்பாளுக்கு இது இல்லாம இருக்க முடியாது என்று அத்தை அவளுடைய போனையும் இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே உட்கார்ந்தோம். அவள் வந்து சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் திறக்கக் கூடாது, பேசக் கூடாது. அப்போதுதான் உள்ளே சேவல் கூவியது. மிக்சி சத்தத்திலும் கேட்கவேண்டும் என்று அவள் போன் மணிக்கு வைத்துக்கொண்ட சேவல். விக்ரம் எழுந்தபோது அத்தை, உக்காருடா, அவளுக்கு வந்த போனு, அவளே எடுத்துப் பேசுவா என்றாள். சேவல் நின்று மறுபடி கூவியது. நீதான் முதலில் சிரித்தாய். அப்புறம் பந்தலே சிரித்தது. சிரித்துக்கொண்டே அத்தை மடியில் விழுந்தாய், எப்போது அது அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. கதவைத் திறந்த பிறகு மறுபடி அடித்தது. அத்தை எடுத்தாள். உப்பளம் டெய்லர் மாலா, விஷயம் தெரியாமல், அக்கா ஜாக்கெட் ரெடி, கை கொஞ்சம் இறக்கி வச்சிருக்கேன், வந்து போட்டுப் பாருங்க என்கிறாள். வரச் சொல்றேம்மா என்று அத்தை வைத்துவிட்டாள்.

படத்தில் அந்தச் சிரிப்பு நடிகர் கதவை உடைத்துப் போனை எடுத்து, செத்தவள் குரலில் பேசி, டெய்லர் மயங்கி விழுந்து, ஆளுக்கொரு பக்கம் ஓடி, பிறகு உடனே வயலின். காமெடி போட்டால்தான் ஓடும் என்று பணம் போட்டவர்கள் சொல்லியிருப்பார்கள், நீயும் எழுதியிருப்பாய். அதற்காக நீ அம்மாவை விற்றதாக ஆகாது. அன்றைக்கு நம் வீட்டில் யாரும் யாரையும் சிரிக்க வைக்கப் பார்க்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். துக்கத்துக்கு நடுவில் அது தானாக வந்தது, படத்தில் ஆள் வைத்து இழுத்து வந்தார்கள். கருவடிக்குப்பத்தில் அவளை எரித்துவிட்டு வந்த நாளிலிருந்து நான் மூச்சு விட்டது அந்தச் சிரிப்பில்தான். அதைத் திரையில் பார்க்கலாம் என்று போய் ஏமாந்தேன். ஏமாற்றம் படத்தின் மேல், உன் மேல் இல்லை. அந்தப் பக்கத்து சீட்டுக்காரரே படம் முடிந்து போகும்போது, விடுங்க பெரியவரே, பொண்ணு அடுத்த படம் நல்லா எழுதிடும் என்றார். முகம் தெரியாதவருக்கு இருக்கிற நம்பிக்கை உனக்கு இல்லாமல் போகலாமா.

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். நீ மும்பைக்கு ரயில் ஏறிய பிறகு அந்த ஜாக்கெட்டை வாங்க நான்தான் போனேன். மாலா என்னைப் பார்த்ததும், ஏன் மாமா, அக்கா வரலியா என்றாள். சொன்னேன். அவள் அழவில்லை. ஜாக்கெட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்து, ஒரு கொக்கி தளர்வா இருக்கு மாமா, உட்காருங்க என்று மிஷினை விட்டு எழுந்து கையாலேயே தைத்து இறுக்கி, மடித்துக் கொடுத்தாள். யார் போடப்போகிறார்கள் என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இது சிரிப்பா அழுகையா என்று எனக்குப் பிரிக்கத் தெரியாது. நீ பிரிக்காமல் எழுதுவாய் என்று தெரியும்.

எழுத மாட்டேன் என்று சொல்லாதே அம்மா. சினிமாவுக்கு வேண்டாம், எனக்கு எழுது. அன்றைக்கு நடந்ததை நடந்தபடி, நீ விழுந்து சிரித்ததுவரை எழுதி அனுப்பு. எழுத்தைப் பெரிதாகப் போடு, வரிக்கு வரி இடம் விடு. நான் மெதுவாகத்தான் படிப்பேன். ஆனால் யாரையும் படித்துக்காட்டச் சொல்ல மாட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு. மழையில் ரயில் படியில் நிற்காதே. அம்மாவும் நம் குலசாமியும் உன்னைக் காக்கட்டும், நீ நீடூழி வாழவேண்டும். நீ பதில் போட்டாலும் போடாவிட்டாலும் அடுத்த வாரம் என் கடிதம் உன் கதவுக்குக் கீழே கிடக்கும்.

இப்படிக்கு,
உன் அப்பா
அரிகிருஷ்ணன்