வீட்டிலிருந்து ஒருவர்

என் கண்ணம்மா,

ஒழுங்குக் குழுவில் மாணவர் தலைவர்களும் உட்கார வேண்டும் என்று ஆசிரியர்களிடம் மல்லுக்கு நின்றவள் உன் அம்மாதான். விதிகளையும் நானே எழுதினேன். 'கை நீட்டுகிறவர் யாராக இருந்தாலும் குழு முன் நிற்க வேண்டும்' என்று எழுதியபோது, தலைமையாசிரியைக்கும் கை உண்டு என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

செவ்வாய்க்கிழமை ஏழாம் வகுப்பில் ஒரு பெண் எதிர்த்துப் பேசினாள். அவ்வளவுதான். என்னிடம் அறை வாங்கிய காது இப்போது சரியாகக் கேட்கிறதாம்.

இன்று மாணவர் தலைவி என் அறைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மேடம், அடுத்த வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு விசாரணை. வீட்டிலேர்ந்து ஒருத்தரைக் கூட்டிட்டு வரணும். எங்க எல்லாருக்கும் அதுதானே விதி?"

அவள் குரலில் துளிக்கூடக் கோபம் இல்லை.

எனக்கு உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? நான்கு வருடமாக நீ என் போனை எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம்.

நீ வராமல் போனால் என்ன ஆகுமோ என்று பயமாக இருக்கிறது. வந்தால் அதைவிடப் பயம். வீட்டிலிருந்து வருகிறவரிடம் குழு ஒரே ஒரு கேள்விதான் கேட்கும். அதையும் எழுதியவள் நான்தான்:

"வீட்டிலயும் இவங்க இப்படித்தானா?"

அம்மா