அந்தச் சுவரில் கல் இல்லை

பெண்டுமா கிராமம்,
கோனோ மாவட்டம்,
ஏப்ரல் 23.

என் பேத்தி ஃபிண்டாவுக்கு,

பாட்டி சியா எழுதுகிறேன். அந்தக் குளிர் ஊரில் நீயும், உன்னைக் கட்டிக்கொள்ளப்போகிற எலியாசும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும். நான் இங்கே நடமாடிக்கொண்டுதான் இருக்கிறேன். முழங்கால் வலி போன வருஷம் மாதிரியே. மரவள்ளி நன்றாக வந்திருக்கிறது. பனை எண்ணெய் ஒரு கேன் எடுத்து வைத்திருக்கிறேன், அனுப்பத்தான் வழி தெரியவில்லை.

ஃப்ரீடவுன் போகிற பாதிரியாரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் பேசியிருக்கலாமே என்று நினைப்பாய். போன் உன் தம்பா மாமாவுடையது, உன் எண்ணும் அதற்குள்தான் இருக்கிறது. நான் பேச நினைக்கிற பேச்சுக்கு அவன் போனைத் தர மாட்டேன் என்கிறான். பெற்ற மகன்தான், என்ன செய்ய. எனக்கு ஐந்தாம் வகுப்பு வரை எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். அது போதும்.

நீ அனுப்பிய வைர மோதிரப் படத்தைப் பார்த்தேன். அழகாக இருக்கிறது. எட்டு மாதம் வேலை செய்து சேர்த்து எலியாஸ் வாங்கியது என்றாய். நல்ல பிள்ளை. அதன் கீழே நீ பேசி அனுப்பியதையும் கேட்டேன். ‘நம்ம ஊர்க் கல்லுதான் பாட்டி. யாரையும் கொல்லாம எடுத்த கல்லுன்னு கடையில தாள் குடுத்திருக்காங்க. ஆனா நீங்க சரின்னு சொன்னாத்தான் கையில போடுவேன்.’ இதைக் கேட்டு ஆறு வாரம் ஆகிறது. பதில் சொல்லாமல் இருந்தது கோபத்தால் இல்லை. பதில் சொல்ல வேண்டுமானால் முதலில் உன் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கோம்பா காய்ச்சலில் போனான் என்று மாமா உன்னிடம் சொன்னது பொய். நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். உனக்கு அப்போது பரீட்சை. அவன் முஸா பாரியின் கல் தோண்டுகிற குழியில், பக்கத்து மண் சுவர் விழுந்து செத்தான். ஜனவரி மாதம், ஒன்பதாம் தேதி, காலை பத்து மணி இருக்கும். இரண்டாம் நாள்தான் எடுக்க முடிந்தது. குளிப்பாட்டி, வெள்ளைத் துணி சுற்றி, உன் அம்மாவுக்குப் பக்கத்தில் வைத்தோம். முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. இதை உட்கார்ந்து படி.

சுவர் ஏன் விழுந்தது என்பதையும் நானே சொல்கிறேன். வேறு யாராவது சொல்லி நீ தெரிந்துகொள்ளக் கூடாது.

குழியில் ஆண்கள் சலித்து, சுவருக்கொரு குவியலாகக் கொட்டிய சரளையை நாங்கள் பெண்கள் மறுபடி சலிப்போம், உனக்குத் தெரியும். நீயும் சின்ன வயதில் என்னோடு தண்ணீரில் நின்றவள்தான். அதில் கல் கிடைத்தால் எழுந்திருக்கக் கூடாது. வாயில் போட்டுக்கொண்டு, இன்னும் ஏழெட்டுச் சல்லடை சலித்துவிட்டு, வயிற்றுவலி என்று சொல்லி மெதுவாகக் கிளம்ப வேண்டும். எங்கே கிடைத்தது என்று யார் கேட்டாலும் பொய் இடம்தான் சொல்ல வேண்டும். கேட்கிறவர்களுக்கும் அது பொய் என்று தெரியும். நம்மோடு சலிக்கிற காதி கல் கண்ட வருஷம் ‘ஆத்தங்கரையில’ என்றாள். ஊரே ஆற்றங்கரையை விட்டுவிட்டு மற்ற எல்லா இடத்திலும் தோண்டியது. அவளுக்கு நிஜமாகவே ஆற்றங்கரையில்தான் கிடைத்ததா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

நவம்பரில் எனக்கு ஒரு கல் கிடைத்தது. கொண்டைக்கடலையில் பாதி இருக்கும். நாற்பது வருஷம் குனிந்து சலித்ததில் கைக்கு வந்த ஒரே நல்ல கல். முறைப்படி வாயில் போட்டேன், வயிற்றுவலி சொன்னேன், வீட்டுக்கு வந்தேன். ஊரில் யாரிடமும் உண்மை பேசவில்லை. கோம்பாவிடம் மட்டும் சொன்னேன். அடுப்பங்கரையில் உட்கார்ந்து கடலைக் குழம்பில் சோறு பிசைந்துகொண்டிருந்தான். என் பேரனிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது என்று நினைத்தேன். பெருமையாகவும் இருந்தது. ‘மாமரத்துப் பக்கச் சுவத்துச் சரளைடா. அந்தக் குவியல்லதான் எடுத்தேன்’ என்றேன். அவன் சாப்பாட்டை வைத்துவிட்டு என்னைத் தூக்கிச் சுற்றினான். ‘கெழவி, நீ இத்தனை நாளா எங்கடி இருந்த?’ என்று கேட்டான். அவன் அப்படித்தான் பேசுவான், நீ அறிவாய்.

அந்தக் கல்லை விற்ற பணத்தில்தான் கூரைத் தகரம் மாற்றினோம். உன் பரீட்சைக் கட்டணமும் அதில் போனதுதான். உன்மேல் பாரம் வைக்க இதை எழுதவில்லை. தெரியாமல் இருப்பதைவிடத் தெரிந்திருப்பது நல்லது என்பதால் எழுதுகிறேன்.

கோம்பா தன் குழுவில் சொன்னான். அவர்கள் மாமரத்துச் சுவருக்கு அடியில் குடைந்து சரளையை எடுக்க ஆரம்பித்தார்கள். மேலே இருந்து படிக்கட்டு மாதிரி வெட்டி இறக்கினால் சுவர் நிற்கும், அதை எல்லோரும் அறிவார்கள். நான் முஸா பாரியிடமே போய்க் கேட்டேன். குழி உரிமம் அவன் பெயரில், அரிசியும் மண்வெட்டியும் அவன் தருவது. அவன் சத்தம் போடவில்லை. நாற்காலி போட்டு உட்காரவைத்துத்தான் சொன்னான். ‘படி வெட்டி இறக்கணும்னா மூணு மாசம் வெறும் மண்ணு அள்ளணும் தாயி. அதுவரைக்கும் இவங்க அத்தனை பேருக்கும் யாரு சோறு போடுவா? நீங்க போடுவீங்களா?’ நான் எழுந்து வந்துவிட்டேன். வெயிலில் மண் வெடித்திருந்தது. பத்தாவது நாள் சுவர் விழுந்தது.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதத்தை உன் கல்யாணம் கழித்து எழுதியிருப்பேன்.

நாற்பதாம் நாள் சடங்குக்கு அரிசிமா இடிக்கும்போது பிந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குழியிலிருந்து சரளை சுமக்கிறவள், சோரியின் மனைவி, இப்போது ஏழு மாதம். உலக்கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ‘பாட்டி, நவம்பர்ல ரெண்டு நாள் எனக்கு ஒரே வாந்தி. ஆத்துப்பக்கச் சுவத்துச் சரளையை அதோட குவியல் வரைக்கும் தூக்கிட்டுப் போக முடியல. மாமரத்துக் குவியல் கிட்டயே இருந்துச்சா, அதுல கொட்டிட்டேன். மேல கெடந்ததெல்லாம் நான் கொட்டினதுதான். நீங்க கல்லெடுத்தது அதுலதான்.’

உலக்கையை அவள் கையிலிருந்து வாங்கி நான் இடித்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. என் கல் அந்தச் சுவரிலிருந்து வந்ததே இல்லை, ஃபிண்டா. உன் அண்ணன் செத்த இடத்தில் வெறும் கூழாங்கல்தான் இருக்கிறது.

மறுநாள் குழிக்குப் போனேன். அதே சுவரில், விழுந்த மண்ணை அள்ளிவிட்டு, இன்னும் உள்ளே குடைந்துகொண்டிருந்தார்கள். எல்லோர் முன்னாலும் உரக்கச் சொன்னேன். இங்கே கல் இல்லை, எனக்குக் கிடைத்தது ஆற்றுப்பக்கத்துச் சரளையில், எல்லோரும் வெளியே வாருங்கள் என்றேன். கோம்பாவின் சிநேகிதன் ஃபாயாதான் இப்போது குழுத் தலைவன். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சிரித்தான். ‘பாட்டி, அடுப்பங்கரையில பேரன் காதுல சொன்னது நெசமா, இப்ப பத்துப் பேர் முன்னாடி சொல்றது நெசமா?’ எல்லோரும் சிரித்தார்கள். பிந்துவும் பக்கத்தில் வந்து நின்று சொன்னாள். அவள் புருஷன் சோரி, ‘கெழவி உனக்கு என்னடி குடுத்தா? அரிசியா, துணியா?’ என்று கேட்டான்.

கல் கண்டவள் ஊர் முன்னால் உண்மை சொன்னதாக இந்தக் கோனோவில் யாரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. வேறொருத்தி வந்து இப்படிச் சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

அதற்குப் பிறகுதான் உன் மோதிரப் படம் வந்தது. உன் மாமா சந்தோஷத்தில் ஊரெல்லாம் காட்டினான். ஃபாயா அதை விரலால் பெரிசாக்கிப் பார்த்தான். ‘நம்ம ஊர்க் கல்லுன்னு பேத்தியே சொல்லுது. ஒண்ணை வித்துட்டு, இன்னொண்ணை அங்க அனுப்பியிருக்கீங்க. ரெண்டு கல்லு குடுத்த சுவத்தை விட்டு எங்களைப் போகச் சொல்றீங்களே பாட்டி’ என்றான். அன்றைக்கு மறுநாள் புதிதாக ஆறு பேர் குழியில் இறங்கினார்கள். ஆறாவது ஆள் உன் தம்பா மாமா. ஐம்பது வயதில். கூடப்பிறந்தவள் மகளுக்குத் தாயார் கொடுத்தாளே, எனக்குக் கொடுத்தாளா என்று கேட்பவன் மாதிரி என்னைப் பார்த்துவிட்டுப் போனான்.  

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன்.

உன் கடைக்காரர் பொய் சொல்லவில்லை. நான் விற்ற கல்லுக்கும் கொய்டு டவுனில், கல் வாங்குகிற இடத்தில் எழுதினார்கள். எடை, நிறம், எந்தப் பகுதி, யார் உரிமம், எல்லாம் இருந்தது. எனக்குப் படிக்கத் தெரியும் என்று சொல்லி வாங்கிப் படித்தேன். உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு உன் அம்மா சண்டைக்குத் தப்பி, எல்லை தாண்டிக் கினிக்கு நடந்த காலத்தில் துப்பாக்கி வைத்திருந்தவன்தான் குழிக்குச் சொந்தக்காரன். அது மாதிரி எடுத்த கல் இல்லை என்று காட்டத்தான் இந்தத் தாள் என்றார்கள். நிஜம்தான், இப்போது துப்பாக்கி இல்லை. கோம்பாவை யாரும் சுடவில்லை. யாரும் கட்டாயப்படுத்திக்கூட இறக்கவில்லை. இரண்டு குவளை அரிசிக்கும், பாட்டி சொன்ன ஒரு வார்த்தைக்கும் அவனே இறங்கினான். அதை எழுத அந்தத் தாளில் இடம் இல்லை.

வாங்காதே என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. உங்கள் ஊரில் யாரும் வாங்கவில்லை என்றால் முஸா பாரி அரிசி மூட்டையை ஏற்றிக்கொண்டு போய்விடுவான். இவர்களுக்கு வேறு வேலை இல்லை. விளைந்த நிலமெல்லாம் தண்ணீர் நிற்கிற பள்ளமாகிவிட்டது. வாங்கினால் சுவருக்கு அடியில் போகிறார்கள். எது நல்லது என்று பெரிய படிப்புப் படித்தவர்களைக் கேள். அவர்களுக்குத் தெரிந்தால் எனக்கும் எழுது.

நான் செய்ய முடிந்தது ஒன்றுதான். பன்னிரண்டு நாளாகக் காலையில் வந்து, அந்தச் சுவருக்கு மேலே, விளிம்பில் பாய் போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். ஒரு கிழவி மேலே இருக்கும்போது அடியில் குடைய மாட்டார்கள் என்று நினைத்தேன். முதல் நான்கு நாள் குடையவில்லை. ‘எறங்கி வாங்க பாட்டி, வெயிலு’ என்று கெஞ்சினார்கள், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். பிறகு நான் சாப்பிட வீட்டுக்குப் போகும் நேரம் பார்த்துக் குடைந்தார்கள். அதனால் சோற்றை இங்கேயே கொண்டுவந்தேன். நேற்றிலிருந்து நான் இருக்கும்போதே குடைகிறார்கள். இதை எழுதுகிறபோது கீழே கடப்பாரை இறங்குவது பாய்க்கு அடியில் தெரிகிறது. உன் மாமா கொத்துவதை மட்டும் தனியாகத் தெரிந்துகொள்கிறேன். இரண்டு கொத்துக்கு ஒரு முறை நிறுத்தி மூச்சு வாங்குகிறான்.

மேற்கே மேகம் கட்டுகிறது. இந்தக் கடிதம் உன் கைக்கு வர மூன்று வாரம் ஆகும் என்று பாதிரியார் சொல்கிறார். மழை அதற்கு முன்னால் வந்துவிடும், நனைந்தால் இந்தச் சுவர் நிற்காது. அப்படியும் கேட்கிறேன். வந்து சேர்ந்ததும் மாமாவைக் கூப்பிடு. மோதிரம் கடையில் வாங்கியதுதான் என்று சொல், கடைச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பு. நம்ப மாட்டார்கள். இருந்தாலும் கூப்பிடு.

பிந்துவுக்குக் குழந்தை பிறந்தால் ஏதாவது ஒரு துணி அனுப்பு. அவளை யாரும் ஒன்றும் சொல்லக் கூடாது. நாளைக்கு நீ யாரையாவது குறை சொல்ல நேர்ந்தாலும், குவியலில் கொட்டியவளைச் சொல்லாதே, அடுப்பங்கரையில் வாயைத் திறந்த என்னைச் சொல்.

உன் கல்யாணத்துக்குக் கோலாக்கொட்டை உடைத்து, உன் அம்மா பெயரையும் அண்ணன் பெயரையும் சொல்லி, நன்றாக வாழ வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். எலியாசிடம் என் அன்பைச் சொல். அவன் ஆசையாக வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி நான் மனதை நோகடிக்க மாட்டேன். அந்தக் கல்லைப் போடுவதும் போடாமலிருப்பதும் உன் இஷ்டம். இங்கிருந்து என்ன செய்தி வந்தாலும் நீ கிளம்பி வராதே. உன் வயிற்றில் பிறக்கிற பிள்ளைகளுக்கு இந்த ஊரைப் படத்தில் காட்டு, போதும். எங்களில் நீ ஒருத்தி மிஞ்ச வேண்டும், கண்ணே. அதற்கு மேல் கடவுளிடம் கேட்க எனக்கு முகம் இல்லை.

இப்படிக்கு,
சுவருக்கு மேலே உட்கார்ந்திருக்கும்
உன் பாட்டி சியா.