டிவி சத்தம்

மருமகளுக்கு அத்தை எழுதுவது.

என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், எழுத்துக் கூட்டிப் படித்துக்கொள். பௌர்ணமிக் கிரிவலக் கூட்டம் என்பதால் என் மகன் ஆட்டோவை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். போன் அவனிடம். இன்றைக்குப் பூக்காரம்மா நீ இருக்கும் கீழ்பென்னாத்தூருக்கு வரும்போது இதை உன் கையில் கொடுப்பாள்.

உன் மாமனார் என்னை அடிக்கும்போதெல்லாம் என் மாமியார் ரேடியோவைத் திருகிச் சத்தமாக வைப்பாள். பக்கத்து வீட்டு ஜோதியம்மாள் ஜன்னலைச் சாத்துவாள். ஸ்டேஷனுக்குப் போனால், "புருஷன் பொண்டாட்டின்னா அப்படித்தான், வீட்டுக்குப் போம்மா" என்று அனுப்பினார் ஏட்டு. ஒருத்தரையும் நான் மன்னிக்கவில்லை. அந்த ரேடியோவின் பச்சை விளக்குகூட எனக்கு மறக்கவில்லை.

என் மகன் உன்னை அடித்தபோது டிவி சத்தத்தை ஏற்றியது நான்தான். தெருவில் மானம் போகக் கூடாதென்று ஏற்றினேன். நீ பிள்ளையோடு கிளம்பிப் போனாயே, அன்றைக்கு டிவி முன்னாலிருந்து நான் எழுந்திருக்கவே இல்லை. உன் மகள் மதிவதனிதான் ரிமோட்டை எடுத்து வந்து, "இந்தா ஆயா, ஜாஸ்தி வெச்சிக்கோ" என்று நீட்டினாள். ஆறு வயசுப் பிள்ளை.

அதிலிருந்து என் மாமியாரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

"நீ கூப்பிட்டா வருவா" என்கிறான் அவன். நாளைக்குப் போனை என் காதில் வைப்பான். சாப்பிடுவது அவன் வீட்டுச் சோறு. பக்கத்தில் அவன் நின்றால், "வந்துடும்மா" என்றுதான் சொல்லுவேன். அப்போது பின்னால் டிவி சத்தமாக ஓடும். இந்தத் தடவையும் நான்தான் ஏற்றியிருப்பேன். அந்தச் சத்தம் கேட்டால், நான் சொல்வது பொய் என்று தெரிந்துகொண்டு அங்கேயே இரு.

இப்படிக்கு,
உன் அத்தை